அடிமைக் கதைகள் எட்டு: கும்பகோணத்து வாடகைக் கட்டு தேறுமா?

கும்பகோணத்தில் ஒரு வாடகை நூலகம் கொஞ்ச நாளாகப் புத்தகங்களைப் பொருள்வாரியாகக் கட்டி வாடகைக்கு விடுகிறது. துப்பறியும் கதைக் கட்டு, பயணக் கட்டு என்று போகும் வரிசையில் புதிதாக வந்திருப்பது 'ஆண்டையும் அடிமையும்'. அறிவியல் புனைவிலும் மாயப் புனைவிலும் அடிமைமுறை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் எட்டு ஆங்கில நாவல்கள், கூடவே 24 பக்கத் தமிழ்க் கையேடு. 60 நாளுக்கு வாடகை 450 ரூபாய், முன்பணம் 2,000. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி வரை கூரியர் செலவு அவர்களுடையது. பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் என்றால் 80 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும்.

எட்டில் நான்கு அருமை. இரண்டு பரவாயில்லை. மற்ற இரண்டு தனியாகப் படித்தால் தப்பான முடிவுக்கே கொண்டுபோய் விடும். கையேடு பாதி உதவும், பாதி குழப்பும். மொத்தத்தில் 450 ரூபாய்க்கு நஷ்டமில்லை. ஆனால் எதை முதலில் எடுப்பது, எதோடு எதைச் சேர்த்துப் படிப்பது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

இந்த வகைக் கதையை எடைபோட நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கணக்கு. சவுக்கும் சங்கிலியும் எந்தக் கதையிலும் வரும், அதை எழுதுவது சுலபம். ஆளை வாங்க விலை கொடுத்தது யார், அதற்குச் சீட்டு எங்கே, சோற்றை அளப்பது யார், எந்த அளவையால், குடிசை நிற்கிற மண் யாருடையது, விடுதலைக்கு மறுநாள் காலையில் வயலில் இறங்கப்போவது யார்? இதையெல்லாம் எழுதுகிற ஆசிரியருக்கு விஷயம் தெரியும் என்று நம்பலாம். டெல்டாக்காரர்கள் இந்தக் கேள்விகளை யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமைமேல் உரிமை கோரி வந்தால் நீதிமன்றம் ஏற்காது என்று மட்டுமே சொன்னது. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில். அதற்குப் பிறகும் கீழத்தஞ்சையில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். அவரைக் கட்டிப்போட்டது இரும்பு இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கடனும், ஆண்டையின் மண்ணில் நின்ற குடிசையும். 1943இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் வந்து விவசாயிகளுக்குச் சங்கம் கட்டியபோது சாணிப்பாலும் (சாணிக் கரைசலைக் குடிக்கவைக்கும் தண்டனை) சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கையோடு, முத்திரை போட்ட மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே எழுந்தது. மரக்காலில் நடக்கிற திருட்டு சவுக்கடியைப் போலவே வலிக்கும் என்பதை அறிந்தவர்கள் வைத்த கோரிக்கை அது.

அந்த மரக்காலை அப்படியே விண்வெளி யுகத்துக்குக் கொண்டுபோன நாவல் இந்தக் கட்டில் இருக்கிறது: ஃபிரெடரிக் போலும் சிரில் கார்ன்ப்ளூத்தும் சேர்ந்து எழுதிய 'த ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்' (1953). விளம்பரக் கம்பெனிகள் ஆளும் உலகம். அதில் உச்சத்தில் இருக்கும் மிட்ச் கோர்ட்னி என்கிற விளம்பர எழுத்தாளனின் அடையாளத்தை யாரோ மாற்றி, கோஸ்டா ரிகாவில் பாசி வளர்க்கும் ஒரு புரதத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாகத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே அடிக்கிற ஆள் கிடையாது. கம்பெனிக் கடை மட்டும் உண்டு. அங்கே விற்கும் நொறுக்குத்தீனியைத் தின்றால் ஒரு பானம் குடித்தே ஆக வேண்டும் போலிருக்கும். அந்தப் பானம் சிகரெட் கேட்கும், சிகரெட் மறுபடியும் நொறுக்குத்தீனி கேட்கும். எல்லாமே சம்பளத்தில் கழிவு. ஒப்பந்தம் முடியும் நாளில் கடன் மிச்சமிருக்கும், ஆகவே ஒப்பந்தம் முடியாது. இந்த வளையத்தை ஆசிரியர்கள் மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எட்டுப் புத்தகத்திலும் இவ்வளவு சிக்கனமாக வேலை செய்கிற பக்கம் வேறு இல்லை. குறையும் உண்டு. பெண் பாத்திரங்கள் ஐம்பதுகளின் தூசியோடு இருக்கிறார்கள். கூலிகளின் துயரம் நமக்குப் புரிவதே மேலே இருந்தவன் கீழே விழுந்ததால்தான். பிறந்ததிலிருந்தே அங்கே கிடப்பவரின் கண் வழியாக ஒரு அத்தியாயமாவது வந்திருக்கலாம்.

அந்தக் குறை சிறிதும் இல்லாதது ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரட்' (1979). 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பின எழுத்தாளர், எந்த எந்திரமும் இல்லாமல், எந்த விளக்கமும் இல்லாமல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாண்ட் பண்ணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். பண்ணையார் மகன் ரூஃபஸின் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இவர் போயாக வேண்டும். அவன் இவருடைய மூதாதை. அவன் பிழைத்து, அலிஸ் என்ற பெண்ணிடம் ஒரு மகளைப் பெற்றால்தான் டேனாவின் வம்சமே உண்டு. அலிஸுக்கு அதில் விருப்பமில்லை. தன் பிறப்புக்கு இன்னொருத்தியின் உடல் விலையாவதைப் பார்த்துக்கொண்டே டேனா அவனைக் காப்பாற்றுகிறார். காலப்பயணம் என்கிற கருவியை இதைவிடக் கூர்மையாக யாரும் பிடித்ததில்லை என்பது எங்கள் எண்ணம்.

இந்த நாவலில் பலர் தாண்டிப்போகும் ஒரு ஆள் சமையல்காரி சாரா. அவருக்கு மூன்று மகன்கள் இருந்தார்கள். மூவரையும் பண்ணையார் விற்றுவிட்டார். எஜமானியம்மாளுக்கு வீட்டுக்குப் புதுச் சாமான்கள் தேவைப்பட்டன. மிச்சம் இருப்பது பேச்சு வராத மகள் கேரி மட்டும். கேரியை ஏன் விற்கவில்லை என்றால், ஒரு குழந்தையை மட்டும் விட்டுவைத்தால் தாய் ஓடமாட்டாள். இரக்கம் போலத் தெரிவதற்குப் பின்னால் எவ்வளவு சுத்தமான கணக்கு இருக்கிறது பாருங்கள். படிக்கும்போது சாராவைப் பணிந்துபோனவள் என்று முத்திரை குத்தாமல் படிக்க வேண்டும். டேனாவே முதலில் அந்தத் தப்பைச் செய்கிறார். கையேடும் அதே தப்பைச் செய்கிறது. 'விசுவாச வேலைக்காரி' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள்.

'விசுவாசம்' என்ற இந்தச் சரக்கு நம் சினிமாவிலும் தொடர்கதையிலும் நிறைய உண்டு. பண்ணையாருக்காக உயிரைக் கொடுக்கும் பண்ணையாள், எஜமான் கண்ணீரைத் துடைக்கும் வேலைக்காரக் கிழவர். சோழர் காலச் சரித்திர நாவல்களிலோ குதிரைக் குளம்பொலி கேட்கும் அளவுக்குக்கூட அடிமையின் குரல் கேட்பதில்லை. கல்வெட்டுகள் அவ்வளவு கூச்சப்படவில்லை. திருப்பாம்புரம் கோயிலில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, பஞ்சத்தில் நெல் விலை ஏறிப்போனதால் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் வரும் கிழவர் காட்டுவதும் ஒரு ஆளோலைதான், அதாவது அடிமைச் சீட்டு. பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டும் என்பதுதான் அவருடைய வழக்கு. பக்திக் கதையாக அது எங்கே போய் முடிந்தாலும், அப்படி ஒரு ஓலை செல்லும் என்று சபையில் வாதாட முடிந்த உலகம்தான் அதன் பின்னணி.

ஓலை விஷயத்தில் கட்டில் நல்ல ஜோடி மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017). எட்டிலும் ஒல்லியானது இது, ஒரே நாளில் முடித்துவிடலாம். பாதி எந்திரம், பாதி உயிர்த்திசுவான ஒரு காவல் ஆள், தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை ரகசியமாக முறித்துக்கொண்டு, தப்பி ஓடாமல், படம், தொடர்நாடகம், புத்தகம், பாட்டு என்று ஏறத்தாழ 35,000 மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு வேலைக்கும் போய்வருகிறது. சிரிக்கவைக்கிற கதைதான். ஆனால் ஒப்பந்தத்தைக் கவனியுங்கள்: வேற்றுக் கிரகத்துக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் காப்பீட்டுக் கம்பெனியிடம் இந்த ஆளை வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும். கடைசியில் நல்ல மனசுக்காரர்கள் அதை விலைக்கு வாங்கி 'இனி நீ எங்களோடு இரு' என்கிறார்கள். அது அவர்களையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அன்பானவர் வாங்கினாலும் வாங்கியது வாங்கியதுதான் என்பதைப் பிரசங்கம் இல்லாமல் சொன்ன விதம் அழகு.

லோயிஸ் மக்மாஸ்டர் பூஜோல்டின் 'ஃபாலிங் ஃப்ரீ' (1988) அறிவியல் புனைவுக்கான நெபுலா விருது வாங்கியது. எடையற்ற விண்வெளியில் வேலை செய்வதற்காகக் கால் இருக்கும் இடத்திலும் கைகளோடு ஒரு கம்பெனி உருவாக்கிய மனிதர்கள். கம்பெனிக் கணக்கில் இவர்கள் மனிதர்கள் இல்லை, பரிசோதனைத் திசு. செயற்கை ஈர்ப்பு கண்டுபிடிக்கப்பட்டவுடன் இவர்களுக்கு வேலை இல்லை, வெறும் செலவு மட்டும். கருத்தடை செய்து கீழே கிரகத்தில் எங்காவது கிடத்திவிடலாம் என்று நிர்வாகம் பேச ஆரம்பிக்கிறது. இதுவரை பிரமாதம். அதற்குப் பிறகு லியோ கிராஃப் என்ற இரண்டு கால் இன்ஜினியர் வந்து திட்டம் போட்டுத் தலைமை தாங்குகிறார். வெல்டிங்கைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதிய ஆசிரியர், நாலு கைக்காரர்களை அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்துவிட்டாரே என்பதுதான் வருத்தம். வெளியிலிருந்து ஒருவர் வந்து மீட்பது இந்த வகை எழுத்தின் தீராத நோய். இந்த நாவல் அதன் லேசான நிலை.

முற்றிய நிலைக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். கட்டில் இருப்பது 'எ ஸ்டார்ம் ஆஃப் சோர்ட்ஸ்' (2000), அதுவும் இரண்டாகப் பிரித்து அச்சிட்ட பிரிட்டன் பதிப்பின் முதல் பாகம் மட்டும். இது நூலகம் செய்த பெரிய பிழை. முதல் பாகத்தில் நாடிழந்த இளவரசி டேனெரிஸ் அஸ்டபோர் நகரத்தில் ஒரு அடிமைப் படையை விலைக்கு வாங்கி, அவர்களை வைத்தே விற்றவர்களைச் சாய்க்கிறாள். படிக்கிறவர் கைதட்டிப் புத்தகத்தை மூடிவிடுவார். ஆசிரியர் உண்மையில் சொல்லவந்தது அதற்குப் பிறகு வருகிறது. இரண்டாம் பாகத்தில் அடுத்த அடுத்த நகரங்கள். அதிலேயே, அவள் விட்டுவிட்டுப் போன அஸ்டபோரில் ஒரு கசாப்புக்காரன் அரசனாகி மறுபடியும் அடிமைகளை உண்டாக்குகிறான். மீரீன் நகரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் தங்களையே விற்றுக்கொள்ள அனுமதி கேட்கிறார்கள். அவளும் விலையில் பத்தில் ஒரு பங்கை வரியாக வைத்துக்கொண்டு அனுமதிக்கிறாள். திருப்பாம்புரத்தின் 110 காசை அறிந்தவருக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். வயிறு இருக்கும்வரை விடுதலைக்கு ஒரு நெல் விலை உண்டு. நூலகக்காரர் இரண்டாம் பாகத்தையும், இந்தக் கதை தொடரும் 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' (2011) நாவலையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மார்ட்டினைக் கட்டிலிருந்தே எடுத்துவிடலாம். தனியாகக் கேட்டால் 60 ரூபாய்க்கு 'டான்ஸ்' தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். இந்த நாவலில் இன்னொன்றும் மனசில் நிற்கும்: அந்தப் படைவீரர்கள் தினமும் காலையில் ஒரு பீப்பாயிலிருந்து அன்றைய பெயரை எடுக்க வேண்டும், எல்லாம் புழு பூச்சிகளின் பெயர்கள், சாயங்காலம் திருப்பிப் போட்டுவிட வேண்டும். விடுதலையான பிறகு ஒருவன், பிறந்தபோது வைத்த பெயர் ராசியில்லாதது என்று தள்ளிவிட்டு, விடுதலை கிடைத்த அன்றைக்குக் கையில் வந்த புழுப் பெயரையே வைத்துக்கொள்கிறான்.

விடுதலைக்கு மறுநாளைப் பற்றி எழுதியவர்களில் உர்சுலா லெ குவினை மிஞ்ச ஆள் இல்லை. 'ஃபோர் வேஸ் டு ஃபர்கிவ்னெஸ்' (1995) ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் நான்கு குறுநாவல்கள். வெரெல், யெயோவே என்று இரண்டு கிரகங்கள். ஆண்டைகள் கறுப்பு, அடிமைகள் வெளிறிய தோல். அமெரிக்க வாசகரை நிலைகுலைய வைக்கச் செய்த மாற்றம். யெயோவே முப்பது ஆண்டு போராடி விடுதலை பெறுகிறது. பெற்றவுடன் அங்கே ஆண்கள் தலைவர்களாகிறார்கள், பெண்கள் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள். விடுதலைக்குள் இன்னொரு விடுதலை மிச்சமிருக்கிறது. இந்தப் புத்தகத்தை எடுக்கிறவர்களில் பாதிப் பேர் முதல் கதையில் நின்றுவிடுகிறார்கள். அது அமைதியாக, இரண்டு வயசானவர்களைப் பற்றிப் போகும், பின்னணி புரியாது. வழி சுலபம்: புத்தகத்தின் கடைசியில் இரண்டு கிரகங்களைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. முதலில் அதைப் படியுங்கள். பிறகு நான்காவது கதை, ராகம் என்ற பெண் தானே சொல்லும் வரலாறு. அதன் பிறகு முதல் கதைக்குத் திரும்பி வரிசையாகப் போகலாம். இதே உலகத்தில் ஐந்தாவது கதை ஒன்று 1999இல் வந்தது. இந்தக் கட்டில் உள்ள பழைய பதிப்பில் அது கிடையாது.

லெ குவினை நம் ஊர் வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் படிப்பது பலன் தரும். 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்கக்கூடாது என்பது சட்டம். பல மிராசுதாரர்கள் பண்ணையாள் என்ற உறவையே முறித்து, அதே ஆளைத் தினக்கூலியாக மாற்றிக்கொண்டார்கள். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வர 1971 ஆனது. நடுவில் 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தத் தகராறின் வேர் கூலி நெல்லில் அரைப்படி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் லெ குவினுக்குக் கதை நிலம். கையேடு இந்த ஆண்டுகளைக் கடைசிப் பக்கத்தில் பட்டியலாகப் போட்டிருக்கிறது, எந்த நாவலோடு எதைச் சேர்த்துப் படிப்பது என்று சொல்லவில்லை. நல்ல வாய்ப்பை நழுவவிட்டிருக்கிறார்கள்.

என். கே. ஜெமிசினின் 'த ஃபிஃப்த் சீசன்' (2015) இந்தக் கட்டில் கடினமானதும் இதுதான், அதிகம் பேசவைப்பதும் இதுதான். மூன்று பாகத் தொடரின் முதல் நாவல். 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து ஹியூகோ என்ற அறிவியல் புனைவு விருதை வாங்கிய தொடர். நிலநடுக்கத்தை அடக்கும் சக்தியோடு பிறக்கும் மனிதர்களை ஆட்சி பிடித்துப் பழக்கி வேலை வாங்குகிறது. அவர்களுக்கு நல்ல சீருடை, நல்ல சாப்பாடு, விரலில் தகுதி மோதிரம். யாரோடு சேர்ந்து குழந்தை பெற வேண்டும் என்பதையும் மேலிடம் சொல்லும். டமாயா என்ற சிறுமியை அழைத்துப்போகும் காவலர், குதிரைமேல் அவளை அணைத்து உட்கார வைத்துக்கொண்டு, கதை சொல்லிக்கொண்டே அவள் கை எலும்பை முறிக்கிறார். வலியிலும் அவள் சக்தியை அடக்கிக்கொள்கிறாளா என்று பார்க்கும் சோதனை அது. அதே மூச்சில் உன்மேல் எனக்கு அன்பு என்றும் சொல்கிறார். அவளும் நம்புகிறாள். சோறு போடுகிற கையும் அடிக்கிற கையும் ஒன்றாக இருக்கும்போது குழந்தை எதைப் பற்றிக்கொள்ளும் என்பதை இதைவிடக் கிட்டத்தில் காட்ட முடியாது. இன்னொரு இடத்தில், சாலையோர நிலையம் ஒன்றில் நாற்காலியில் கட்டி மருந்தேற்றி வைக்கப்பட்ட ஒரு குழந்தை வரும். அந்த அத்தியாயத்தை ராத்திரி படிக்க வேண்டாம்.

இதில் பலர் ஐம்பது பக்கத்துக்குள் விலகுவதற்குக் காரணம், ஒரு கதையிழை 'நீ' என்று வாசகரையே முன்னிலையில் வைத்துப் போவது. மூன்று இழைகள், மூன்று பெண்கள். யார் எப்போது என்று கவலைப்படாமல் ஓடவிடுங்கள், முடிச்சு தானாக அவிழும். பின்பக்கத்துச் சொல்லகராதியில் ஒரு கட்டைவிரல் இருக்கட்டும். இந்த நாவலோடு எங்களுக்கு ஒரு தீராத வழக்கும் உண்டு. இவர்கள் உண்மையாகவே ஊரை அழிக்கும் சக்தி உள்ளவர்கள். அப்படியானால் ஆண்டைகளின் பயத்தில் ஒரு நியாயம் வந்துவிடுகிறது. நிஜத்தில் பண்ணையாள் யாரையும் பூமியைப் பிளந்து விழுங்கிவிடவில்லை. அவர்மேல் சொல்லப்பட்ட பயமெல்லாம் புனைந்தது. மந்திர சக்தியை ஒடுக்கப்பட்டவர் கையில் கொடுக்கிற எல்லாக் கதைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஜெமிசின் அதை அறிந்தே, அந்தச் சக்தி இல்லாமல் நாடே நிற்காது என்ற கணக்கையும் சேர்த்து வைத்து ஓரளவு சமாளிக்கிறார்.

கடைசியாக ராபின் ஹாபின் 'ஷிப் ஆஃப் மேஜிக்' (1998). கடனாளிகளை அடிமையாக்கும் நகரம். ஒவ்வொரு ஆண்டையும் முகத்தில் ஒரு பச்சை குத்துவார். பல கை மாறியவரின் கன்னமே கைமாறிய கணக்கு, அடங்காதவர் என்று அவருக்கு விலையும் குறையும். கைல் என்ற கப்பல்காரன் லாபத்துக்காக உயிருள்ள மாயக் கப்பலில் அடிமைகளை ஏற்றுகிறான். ஓடிப்போய்ப் பிடிபட்ட சொந்த மகனைச் சந்தையில் மலிவாக வாங்கிப் பச்சையும் குத்தவைக்கிறான். மீட்க வருகிற கடற்கொள்ளையன் கென்னிட்டுக்கோ அரசனாகும் கனவு. மீட்பவனின் லாபத்தையும் கணக்கில் எழுதியது ஹாபின் நேர்மை. கப்பல் அடித்தளத்தின் நாற்றமும் சாவும் வரும் பக்கங்களில் நாகப்பட்டினம் ஞாபகம் வரும். 1658இல் டச்சுக்காரர் அந்தத் துறைமுகத்தைப் பிடித்ததை அடுத்து, போரும் பஞ்சமும் சேர்ந்து தஞ்சை நாட்டை வாட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக இலங்கைக்கும் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார்கள். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கும்பகோணத்தில் அச்சடித்த கையேட்டுக்கு இது அழகில்லை. இதுவும் மூன்று பாகத்தில் முதலாவது, கதை பாதியில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கையேடு தனியாகப் பரிந்துரைப்பது ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நாவல் (2000). கட்டில் இல்லை, எந்த வீட்டிலும் இருக்கும். அதில் டாபி என்ற குட்டி வேலையாள் கூலி பேசும் இடம் படிக்க வேண்டியது: தலைமையாசிரியர் வாரம் பத்துக் காசும் வாராந்திர விடுமுறையும் தருகிறேன் என்கிறார். டாபி பேரம் பேசிக் குறைத்து, வாரம் ஒரு காசு, மாதம் ஒரு நாள் லீவு போதும் என்கிறான். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் குறைத்தான் என்று கேளுங்கள். சங்கம் ஆரம்பிக்கும் ஹெர்மயனியைக் கதையே கேலி செய்கிறதே, அது சரியா என்றும் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் விடாமல் சண்டை போடுவார்கள். சேர்க்காமல் விட்டதில் பெரியது கரேல் சாப்பெக்கின் ரோபோ நாடகம் (1920). மூல நாடகத்தின் பதிப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் கிடைக்கும், ஒரு சாயங்கால வேலைதான்.

வரிசைக்கு வருவோம். முதலில் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்'. ஆங்கிலம் சுலபம், கை பழகும். அடுத்து 'கின்ட்ரட்', முன்னுரைத் துண்டோடு முதல் இரண்டு அத்தியாயங்களையும் ஒரே அமர்வில். பிறகு 'ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்', 'ஃபாலிங் ஃப்ரீ' இரண்டையும் கம்பெனி அடிமைமுறை என்று ஜோடியாக. மார்ட்டினைப் படித்த கையோடு லெ குவின், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஹாபும் ஜெமிசினும் கடைசியில், ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் ஒதுக்கி. வாசகர் வட்டமாக எடுத்தால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் புத்தகம், ஒரே பிரதி, அதற்குமேல் போனால் கை மாறிக்கொண்டே தவணை முடிந்துவிடும். பேசும்போது ஒருவர் நோட்டில் கணக்கு மட்டும் எழுதட்டும்: விலை, கடன், கூலி, தங்குமிடம், சட்டம். எழுத எதுவும் கிடைக்காத நாவல் எது என்று தவணை முடிவில் தெரிந்துவிடும்.

புத்தகங்களின் நிலை சுமார். எல்லாம் பசை ஒட்டிய சாதா அட்டை. மார்ட்டினும் ஹாபும் தடிமன், முதுகு ஏற்கெனவே வெடித்திருக்கிறது. விரித்து அழுத்தினால் தாள் கொத்தாகக் கழன்று வரும், அந்தப் பணமும் முன்பணத்தில்தான் கழியும். பெட்டி வந்தவுடன் ஒவ்வொரு முதுகையும் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுப்பதைத் தவிர்க்கலாம். டெல்டா ஈரத்தில் பசை நெகிழும், ஓரம் அலையலையாகும், ராமபாணப் பூச்சியும் வரும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தரையோரச் சுவர் அலமாரியில் வைக்காமல், பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு பாச்சை உருண்டையோடு மூடி வையுங்கள். உருண்டை தாளில் படாமல் துணியில் முடிந்து போட வேண்டும்.

பெரிய குறை தாமதக் கட்டணம். நாளுக்கு ஐந்து ரூபாய், அது நியாயம்தான். ஆனால் 60 நாளை அவர்கள் எண்ணுவது பெட்டி அனுப்பிய தேதியிலிருந்து. கூரியர் நான்கு நாள் எடுத்தால் அந்த நான்கும் நம் தலையில். கட்டின் பொருளை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கணக்குப் புத்தகம் அவர்கள் கையில்தான். போனில் சொன்னால் திருத்திக்கொள்கிறார்கள், சொல்லாதவருக்குக் கழிகிறது. ஆகவே பெட்டி கையில் வந்த அன்றே கூரியர் ரசீதைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இன்றிலிருந்து 60' என்று எழுதிப் பதில் வாங்கிவிடுங்கள். முன்பணம் திரும்பி வர ஒரு வாரம் ஆகிறது. திருப்பி அனுப்பும்போது கையேட்டையும் வைக்க மறக்க வேண்டாம், அதற்கும் 50 ரூபாய் பிடிக்கிறார்கள்.